கொண்டியில் மாட்டிய துணி

உடுத்திய துணியை நான் அன்றன்றே துவைத்துவிடுவேன். ஊரார் துணி வாரக்கணக்கில் மூட்டையாகக் கிடந்தாலும் கிடக்கும், என்னுடையது ஒரு பொழுதுகூட அழுக்கோடு கிடக்காது. அது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். சலவைக் கடை வைத்திருப்பவளே கசங்கிய உடுப்போடு நின்றால் யார் நம்பித் துணி போடுவார்கள், சொல்லுங்கள்.

உட்காருங்கள் பெரியவரே. அந்த முக்காலி கொஞ்சம் ஆடும், சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே சோப்புத் தண்ணீர், பார்த்து வாருங்கள். உங்களைப் போய்ப் பார்த்து வரச் சொல்கிறேன், வாய்ப் பழக்கம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனையோ தடவை இந்த வாசலுக்கு வந்திருக்கிறீர்கள், ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை. சாவுக்கு அதிபதியான சாமி ஒரு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் தெருவே நடுங்கும் என்பார்கள். நான் நடுங்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள், கேட்க வேண்டியவர் கேட்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்கிறேன். முடிவில் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இன்று உச்சிவெயிலில் நீங்கள் கொண்டுபோன என் மகனை எனக்குத் திருப்பித் தர வேண்டும். அதைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள்.

உங்கள் கதை எனக்குத் தெரியும். இங்கே நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கும் ஒரு காலத்தில் கண் இருந்தது. உலகத்தில் முதன்முதலாகச் சாக வேண்டியவள் ஒரு சின்னப் பெண். நீங்கள் போய் நின்றதும் அவள் உங்களைப் பார்த்துச் சிரித்தாள், நீங்கள் மனசு கேட்காமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டீர்கள். திரும்பத் திரும்பப் போய், திரும்பத் திரும்ப வந்தீர்கள். அதற்குள் அந்தப் பிள்ளை சாகவும் முடியாமல் கிடந்து புழுவாகத் துடித்ததாம். அதைத் தாங்க மாட்டாமல் உங்கள் கண்ணை நீங்களே பிடுங்கி எறிந்தீர்கள். அன்றிலிருந்து நீங்கள் முகம் பார்ப்பதில்லை, வாசனை பிடித்து வருகிறீர்கள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையின் தாய் மேல்தான் கோபம் வரும். வந்தவரை இன்னும் நாலு தடவை சமாளித்து அனுப்பத் தெரியாதா அவளுக்கு?

நோய் முற்றிய வீட்டுக்கு நீங்கள் உச்சிவெயிலில் வருவீர்கள். வந்தால் ஒருவரைத் தொடாமல் போக மாட்டீர்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் யாரைத் தொடுவது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சாகக் கிடப்பவர் கடைசியாக உடுத்தியதைத் துவைக்காமல் வாசல் கொண்டியில் மாட்டுகிறோம். அதை மோந்து பார்ப்பீர்கள், அந்த வாசனைக்கு உரியவரைத் தேடிப்போய்த் தொடுவீர்கள். மாட்டாமல் விட்டால் கைக்கு அகப்பட்ட யாரையாவது தொட்டுவிடுவீர்களே என்ற பயத்தில் எல்லோரும் மாட்டிவிடுவார்கள். என் புருஷன் சாகக் கிடந்தபோது நானும் ஒழுங்காக அவர் சட்டையைத்தான் மாட்டினேன். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் பாலங்களுக்குச் சாயம் பூசுகிறவன். கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுவான், கீழே படகில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு நாள் கயிறு அறுந்தது. அவனைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, மேலே வலி தவிர வேறொன்றும் இல்லை. வைத்தியர் புரட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "அவன் போட்டிருந்த சட்டையை எடுத்து வச்சுக்கங்கம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாதம் சுமந்து பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது?

மறுநாள் மூக்கில் வேர்த்த மாதிரி வாசலில் வந்து நின்றீர்கள். நான் அவனுடைய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வழியாக வந்தேன். இதோ இந்த மேசையில்தான் அழுக்குத் துணி குவிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தெரு முனைப் பூட்டுக்காரருடைய சட்டை, கழுத்துப்பட்டையில் வேர்வைக் கறையோடு. என் கை அதை எடுத்தது. நான் எடுத்தேன் என்று சொல்வதைவிட அப்படிச் சொல்வதுதான் சரி. பூட்டுக்காரருக்கு வயது எண்பதுக்கு மேல், பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. துணி போட வரும்போதெல்லாம் இந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பெரியவர் என்னை மறந்துட்டார் போலம்மா, போய்ச் சேர்ந்தாப் போதும்னு இருக்கு" என்பார். வாய்விட்டுக் கேட்டவருக்குத்தானே கொடுத்தேன்.

நீங்கள் மோந்து பார்த்தீர்கள். கொஞ்சம் தயங்கினீர்கள். பிறகு திரும்பித் தெரு முனைக்கு நடந்தீர்கள். சற்று நேரத்தில் பூட்டுக்கடைப் பக்கம் கூட்டம் கூடியது. உள்ளே என் மகன் கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. பூட்டுக்காரருடைய மற்றச் சட்டைகளை நன்றாகத் தேய்த்து மடித்து அவர் சவ ஊர்வலத்துக்கு எடுத்துப்போனேன். கூலி வாங்கவில்லை.

ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் வந்து நின்றுவிட்டீர்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. யாரைக் கொடுக்கிறேனோ அவருக்கு மிச்சமிருக்கும் ஆயுள்தான் என் மகனுக்குக் கிடைக்கிறது. அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்கிற மாதிரிதான் அது, அவர்கள் கிழித்து வைத்த இடத்தில் நமக்கும் கிழிந்துதான் இருக்கும். கிழவர்களைக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அடிக்கடி சாவு விழும், ஊரும் பேச ஆரம்பிக்கும். நாலு பேருக்கு நல்லதை யோசித்துத்தான் நான் இளையவர்கள் பக்கம் திரும்பினேன்.

தபால்காரர் நல்ல திடகாத்திரமான ஆள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவார். துணி வாங்க வரும்போதெல்லாம் கைக்குட்டை ஒன்று குறைகிறது என்று என்னோடு மல்லுக்கு நிற்பார். அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், நான் அப்படிப்பட்டவள் இல்லை. அவர் தாவிய படியிலேயே விழுந்து கிடந்தார் என்று சொன்னார்கள். சடங்கெல்லாம் முடிந்தபின் அவருடைய மனைவி இங்கே வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, அவரோட சட்டை ஒண்ணு இங்க இருக்குமே?"

"இருக்கும்மா. எல்லாம் துவைச்சு வச்சிருக்கேன்."

"துவைக்காதது ஒண்ணுகூட இல்லையா? அவர் வாசம் இருக்கும்னு கேட்டேன். சின்னவ ராத்திரியெல்லாம் அப்பா சட்டை வேணும்னு அழறா."

"எல்லாம் துவைச்சாச்சேம்மா" என்றேன்.

அது உண்மைதான். கொண்டியில் மாட்டியதை எரித்துவிட வேண்டும், அது முறை, எரித்துவிட்டேன். மிச்சத்தைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தேன். அவள் அந்த மடிப்பில் முகத்தைப் புதைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கல் நெஞ்சம் இல்லை எனக்கு. ஆனால் தபால்காரர் கொடுத்தது ஒரு கோடைகூட நிற்கவில்லை. வெளியே அத்தனை ஓட்டம் ஓடிய மனிதர் உள்ளே எதையோ வைத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மனிதர்களை நம்பவே முடிவதில்லை.

பிறகு ரொட்டிக்கடைப் பெண். கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சும்மா ஒரு தடவை போட்டு ஆடிப் பார்த்தேன் அக்கா, அழுக்கே இல்ல, தேய்ச்சு மட்டும் குடுங்க" என்றாள். அக்குளில் மெல்லிசாக ஒரு ஈரம் இருந்தது. உங்களுக்கு அது போதும் என்று எனக்குத் தெரியும். அவள் கொடுத்தது நன்றாக நிலைத்தது, நிறைய நாள் நிம்மதியாக இருந்தோம். இடையில் அவளுடைய மாப்பிள்ளை ஆற்றில் விழுந்தது என்னுடைய வேலை இல்லை. அதை என் தலையில் கட்டாதீர்கள். அவளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் இருவர். யார் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை, வாசனை உங்களுக்கு மறந்திருக்காது.

நிம்மதி என்றேன். என் மகனுக்கு நோவு இருக்கத்தான் செய்தது. முதுகெல்லாம் புண் விழுந்துவிட்டது. ஆயுள் கூடினால் எலும்பும் கூடும் என்று நினைத்தேன், அது நடக்கவில்லை. அவன் கத்துவான். ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், பிறகு வீட்டையே மாற்றிக்கொண்டு போனார்கள். அதனால் அவன் வாயில் ஒரு துண்டை மடித்து வைப்பேன். கொதிநீரில் போட்டெடுத்த துண்டு, சுத்தமானது. சாப்பிட மாட்டேன் என்று பல்லைக் கடிப்பான். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும், பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தெரியும்.

அவன் படுத்திருக்கும் இடத்திலிருந்து வாசல் கொண்டி தெரியும். அதை நான் முதலில் கவனிக்கவில்லை. வெள்ளை உடுப்பை மாட்டிய அன்று உள்ளேயிருந்து அவன் கேட்டான்.

"அம்மா, அது யாருதும்மா?"

"யாருதா இருந்தா உனக்கென்ன? நீ தூங்கு."

"என்னோடதை மாட்டும்மா. கெஞ்சிக் கேக்கறேன். என்னைப் போக விடும்மா."

வலியில் பேசுகிறவன் பேச்சை யாராவது காதில் போட்டுக்கொள்வார்களா? அன்றைக்கே கட்டிலை மூலைக்கு நகர்த்தினேன். அவன் தன் சட்டையைக் கழற்றி வாசல் பக்கம் எறியப் பார்த்தான், ஆகவே சட்டையே போடாமல் வைத்தேன். மேலே போர்த்த, தினம் மாற்றுகிற வெள்ளைத் துப்பட்டி மட்டும்தான். அவனுடைய வாசனை உங்கள் மூக்குக்கு எட்டவே கூடாது என்று காலையும் மாலையும் சவக்காரம் போட்டு அவன் உடம்பைத் தேய்ப்பேன். புண்ணில் எரியும்தான். தோல் அங்கங்கே உரிந்து வந்தது. கையைத் தட்டிவிடுவான் என்பதால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினேன், மென்மையான துணியால்தான், மணிக்கட்டில் தடம்கூட அதிகம் விழவில்லை. இந்த ஊரில் அவனைப் போல் சுத்தமாக இருந்த நோயாளி வேறு யாரும் கிடையாது. வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். அவர் இப்போது வருவதில்லை.

இதற்கிடையில் என் மகள் வந்தாள். அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள், கைக்குழந்தையோடு வந்தாள். தம்பியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். கட்டை அவிழ்த்துவிட்டாள். "என்னம்மா பண்ணி வச்சிருக்க இவனை?" என்று என்னைக் கேட்டாள். இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகத் தூங்காமல் பார்த்துக்கொண்டவளுக்கு இதுதான் நன்றி. கொஞ்ச நாள் இங்கேயே இரு, எனக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்றேன்.

குழந்தையை நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். பேத்தி. என்னைப் போலவே மேல் உதடு. நான் சோப்பு நுரையைக் கையில் அள்ளி ஊதினால் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம், அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். கிழவரைக் கொடுத்தேன், அதோடு போயிற்று. தபால்காரர் ஏமாற்றிவிட்டார். கடைசியாகக் கொடுத்தவருடைய நாளும் தீர்ந்துகொண்டே வந்தது, அவன் நகம் நீலம் பாய ஆரம்பித்துவிட்டது. ஊரார் பிள்ளைகளிடம் எத்தனை நாள்தான் கை நீட்டிக்கொண்டிருப்பது? குட்டிக்கு முழு ஆயுளும் அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஒரே ஒரு தடவை. அதோடு என் மகன் கிழவனாகும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. வேண்டுமானால் எண்பது வருஷம் அந்தக் கட்டிலில் கிடப்பான். மகளுக்கு வயது இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்வாள். எனக்கு அந்த வசதி இல்லை. யார் வீட்டுத் துணியையும் தொடாமல் சொந்த வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ள நினைத்தேன் பாருங்கள், அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்று காலையில் குட்டியின் கவுனை நான் மாற்றவில்லை. நேற்றுப் போட்டதே இருக்கட்டும், நன்றாக ஊறட்டும் என்று விட்டேன். மகள் கிணற்றடிக்குப் போயிருந்தாள். அப்போது அவன், "அம்மா, குட்டியைக் கொஞ்சம் என்கிட்ட குடேன்" என்றான். வெகு நாளாக அப்படித் தெளிவாக அவன் பேசியதில்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. பாவம், கடைசியாக ஒரு தடவை கொஞ்சிக்கொள்ளட்டும் என்று அவன் மார்பில் கிடத்தினேன். சற்று முன்புதான் அவனைத் தலை முதல் கால் வரை தேய்த்துக் கழுவியிருந்தேன், அவன் மேல் வாசனை என்று எதுவும் இல்லை. அதனால் பயமில்லாமல் கொடுத்தேன். அவன் குழந்தையின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தான். தோள் குலுங்கியது. கொஞ்சுகிறான் என்று நினைத்தேன்.

பிறகு கவுனைக் கழற்றிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொழில் புத்தி. பால் கறை இருந்தது, எச்சில் கறை இருந்தது, கழுத்தில் வேர்வை இருந்தது, எல்லாம் குழந்தையினுடையது. வயிற்றுப் பக்கம் ஈரமாக இருந்தது, குழந்தை துணி ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும்? கொண்டியில் மாட்டினேன். நீங்கள் வந்தீர்கள். கவுனைக் கையில் எடுத்து வழக்கத்தைவிட அதிக நேரம் மோந்தீர்கள். குட்டி உள்ளே தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் தொட்டிலைத் தாண்டிப் போனபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கம் இல்லை பெரியவரே, இந்தப் பக்கம் என்று நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். நீங்கள் நேரே மூலைக்குப் போய் அவன் நெற்றியில் கை வைத்தீர்கள்.

எப்படி என்று கேட்டதற்குக் கண்ணீர் என்று ஒரே வார்த்தை சொன்னீர்கள். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இரத்தம், சீழ், மை, எண்ணெய் எல்லாக் கறையும் தெரியும். கண்ணீருக்குக் கறை கிடையாது, எனக்கு எப்படித் தெரியும்? உடம்பைத்தான் தேய்த்தேன், கண்ணுக்குள்ளே சவக்காரம் போட முடியுமா? தெரிந்திருந்தால் போட்டிருப்பேன்.

போகிற வழியில் அவன்தான் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். பெற்றவளைக் காட்டிக்கொடுக்கிற பிள்ளை இல்லை அவன். வலி மிச்சமிருந்திருக்கும், அதில் உளறியிருப்பான். நீங்கள் தொட்டபோது அவன் முகம் எப்படி ஆகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியாது, நான் பார்த்தேன். உதடு இரண்டு பக்கமும் விரிந்து, பல் தெரிந்து, கண் பளபளவென்று. பயத்தில் முகம் கோணிவிட்டது பிள்ளைக்கு. பாலத்தில் தொங்கிக்கொண்டு பாடும்போதும் அவனுக்கு முகம் இப்படித்தான் ஆகும்.

ஆக, எல்லாம் சொல்லிவிட்டேன். பூட்டுக்காரர், தபால்காரர், ரொட்டிக்கடைப் பெண், மற்றவர்கள், எல்லோரையும் மாட்டியது நான்தான். என் பேத்தியின் கவுனை மாட்டியதும் நான்தான். மறுக்கவில்லை. இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். அவன் உடம்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, சூடு முழுதாக ஆறவில்லை. மகள் அழுது அழுது அசந்து தூங்குகிறாள், பக்கத்தில் குட்டி. இது அவள் தலையில் கட்டியிருந்த துணி, தொட்டுப் பாருங்கள், இன்னும் ஈரம். இதில் வேறு யாருடைய கண்ணீரும் இல்லை. போதாது என்றால் அந்த மூட்டையில் தெரு முழுவதும் இருக்கிறது. எல்லாம் அழுக்குத் துணிதான், ஒன்றையும் நான் இன்னும் தண்ணீரில் போடவில்லை. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன்.

என்ன கேட்டீர்கள்? இத்தனை வருஷத்தில் உன் துணியை ஏன் ஒரு நாளும் மாட்டவில்லை என்றா?

இது என்ன கேள்வி பெரியவரே. கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நான் அவனைப் பெற்றவள். அவனுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான், அந்த ஒருத்தியும் போய்விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஏன் முக்காலியை இழுத்துக்கொண்டு இவ்வளவு கிட்டே வருகிறீர்கள்? கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள், முன்றானையை விடுங்கள். காலையிலிருந்து ஓயாத வேலை, இந்த உடுப்பை நான் இன்னும் துவைக்கவில்லை.